ஒரே கார்... வேறு வேறு வெளிச்சம்! வேரியன்ட் முடிவு செய்யும் முன் விளக்கையும் பாருங்கள்

புதுக் கார் வாங்குவது நம் வீடுகளில் ஒரு குட்டித் திருவிழா. ஷோரூமுக்குக் குடும்பமே கிளம்பிப் போகும். பிள்ளைகளுக்கு சன்ரூஃபைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு மைலேஜ் கவலை. டிக்கியில் எத்தனை பெட்டி வைக்கலாம், பின்சீட்டுக்கு ஏசி வருகிறதா என்று அம்மா பார்ப்பார். ஏறி இறங்க சிரமம் இருக்காதே என்று தாத்தா உட்கார்ந்து எழுந்து பார்ப்பார். டெஸ்ட் டிரைவும் முடிந்து, 'எந்த வேரியன்ட்?' என்ற பேரம் தொடங்கும்.

இவை எல்லாம் நடப்பது பட்டப்பகலில். ஹெட்லைட்டைப் போட்டுப் பார்ப்பவர் அபூர்வம். அப்படியே போட்டாலும், பகல் வெளிச்சத்தில் எல்லா ஹெட்லைட்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஆனால், அந்தக் கார்தான் தீபாவளிக்கு முந்தைய இரவு குடும்பத்தோடு ஊருக்குப் போகப்போகிறது. தெருவிளக்கு இல்லாத சாலையில், ஓரமாக நடந்துபோகிறவரையும், விளக்கில்லாமல் நிற்கிற டிராக்டரையும், குறுக்கே வருகிற மாட்டையும் ஓட்டுநருக்குக் காட்டப்போவது அந்த இரண்டு விளக்குகள்தான்.

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. ஒரே பெயர், ஒரே பாடி, ஒரே இன்ஜின் கொண்ட காரில்கூட விளக்கு ஒன்றாக இருப்பதில்லை. பேஸ் வேரியன்ட்டுக்கு ஒன்று, டாப் வேரியன்ட்டுக்கு ஒன்று. அமெரிக்காவில் விற்கும் காருக்கு ஒன்று, ஐரோப்பாவில் விற்கும் காருக்கு ஒன்று, இந்தியாவுக்கு இன்னொன்று. இந்த வித்தியாசத்தில் பாதி அழகுக்காக என்று நினைத்தால், மீதிப் பாதி உயிர் சம்பந்தப்பட்டது.

31 கார்கள்... தேறியது ஒன்றே ஒன்று!

அமெரிக்காவில் ஐ.ஐ.ஹெச்.எஸ் என்றொரு அமைப்பு இருக்கிறது. காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் இயங்குவது. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பு மதிப்பெண் போடுவதில் பெயர்பெற்றது. 2016-ல் இந்த அமைப்பு முதன்முறையாக ஹெட்லைட்டுகளுக்கும் மதிப்பெண் போட்டது.

சோதனை ரொம்ப எளிமையானது. இருட்டிய பிறகு, வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள தங்கள் சோதனைத் தடத்தில் காரை ஓட்டுவார்கள். நேர் சாலை, இடது வளைவு, வலது வளைவு என்று ஒவ்வொன்றிலும் வெளிச்சம் எவ்வளவு தூரம் போகிறது என்று கருவிகள் அளக்கும். எதிரே வருகிறவரின் கண்ணை எவ்வளவு கூசவைக்கிறது என்பதற்கும் தனிக் கணக்கு உண்டு. முக்கியமான விஷயம், ஷோரூமிலிருந்து வந்த காரின் விளக்கை அவர்கள் திருத்தி வைப்பதில்லை. வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் அப்படிச் செய்வதில்லை என்பதால், வந்தபடியே சோதிப்பார்கள்.

நடுத்தர அளவுக் கார்கள் 31 மாடல் எடுத்துக்கொள்ளப்பட்டன. இந்த 31 மாடல்களில் மொத்தம் 82 விதமான ஹெட்லைட்டுகள் இருந்தன என்பதே முதல் ஆச்சர்யம். வேரியன்ட்டுக்கு வேரியன்ட் விளக்கு மாறியதுதான் காரணம். அந்த 82-ல் 44 விளக்குகளுக்கு 'மோசம்' என்ற மதிப்பெண் விழுந்தது. 'நன்று' என்ற மதிப்பெண்ணைப் பெற்றது ஒரே ஒரு கார், டொயோட்டா பிரியஸ் வி.

அதிலும் ஒரு திருப்பம். அந்தக் காரில் எல்.இ.டி ஹெட்லைட்டும், தானாக ஹை பீம் மாறும் வசதியும் இருந்தால்தான் 'நன்று'. அந்த விளக்கு வேண்டுமென்றால், இருப்பதிலேயே விலை உயர்ந்த வேரியன்ட்டை வாங்கி, அதன் மேல் ஒரு கூடுதல் பேக்கேஜும் வாங்க வேண்டும். சாதாரண ஹாலஜன் விளக்கோடு வந்த அதே பிரியஸ் வி-க்குக் கிடைத்த மதிப்பெண் 'மோசம்'. பட்டியலின் உச்சியிலும் அடியிலும் ஒரே கார்!

காசு அதிகம் கொடுத்தால் வெளிச்சமும் அதிகம் என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. சோதித்ததில் கடைசி இடம் பிடித்தது பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் காரின் ஹாலஜன் விளக்கு. அந்த வெளிச்சத்தை நம்பி ஓட்டினால், மணிக்கு சுமார் 56 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. போனால், எதிரே தடை தெரிந்த பிறகு நிறுத்த முடியாது என்று கணக்கிட்டார்கள். முதலிடம் பிடித்த விளக்கில், நேர் சாலையில் மணிக்கு சுமார் 112 கிலோமீட்டரில் போனாலும் வலது ஓரத்தில் இருக்கும் தடையைப் பார்த்து நிறுத்திவிடலாம்.

எல்.இ.டி என்று எழுதியிருந்தாலே நல்ல விளக்கு என்பதும் இல்லை. வளைவில் திரும்பும் நவீன விளக்குகளில்கூடச் சில, எதிரே வருபவர் கண்ணைக் கூசவைத்து மதிப்பெண்ணை இழந்தன.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு நொடியில் 22 மீட்டர் தாண்டிவிடும். எதிரே ஏதோ நிற்கிறது என்று கண்ணில் பட்டு, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் கார் 33 மீட்டர் போயிருக்கும். அதன் பிறகு பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த சாலையில் இன்னொரு 35 மீட்டர். ஆக மொத்தம், கிட்டத்தட்ட 70 மீட்டர்.

லோ பீமில் உங்கள் விளக்கு 50 மீட்டர்தான் தெளிவாகக் காட்டுகிறது என்றால், மீதி 20 மீட்டர் இருட்டுக்குள் நடக்கிறது. பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஓட்டுபவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் அந்த 20 மீட்டரை அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல என்பதை அதே அமைப்பு 2021-ல் காட்டியது. உண்மையில் நடந்த விபத்துகளை எடுத்து, ஹெட்லைட் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டார்கள். 'மோசம்' என்ற விளக்கு கொண்ட கார்களைவிட, 'நன்று' என்ற விளக்கு கொண்ட கார்களில், இரவில் தனியாகச் சென்று மோதும் விபத்துகள் 19 சதவிகிதம் குறைவு. இரவில் பாதசாரி மீது மோதும் விபத்துகள் 23 சதவிகிதம் குறைவு.

அந்த அமைப்பின் உயரிய பாதுகாப்பு விருது வேண்டுமானால், டாப் வேரியன்ட்டில் மட்டும் நல்ல விளக்கு வைத்தால் போதாது. எல்லா வேரியன்ட்டிலும் வைக்க வேண்டும் என்று விதியை இறுக்கிவிட்டார்கள்.

ஒரே காரில் ஏன் இத்தனை விளக்கு?

காரணம் எளிது. விளக்கு, கார் கம்பெனிக்கு இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, வெளிச்சம் தருவது. இன்னொன்று, டாப் வேரியன்ட்டைப் பார்த்தவுடன் அடையாளம் காட்டுவது. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கியது டாப் மாடலா, பேஸ் மாடலா என்று தெருவில் நிற்கிறவர் கண்டுபிடிப்பது பெரும்பாலும் விளக்கையும் வீலையும் பார்த்துத்தானே!

பொதுவாக மூன்று படிகள் இருக்கும். கீழ்ப் படியில், ஹாலஜன் ரிஃப்ளெக்டர். கிண்ணம் போன்ற கண்ணாடிக்கு நடுவே ஒரு பல்பு. விலை மலிவு, பல்பு போனால் எந்த ஊர் கடையிலும் கிடைக்கும். நடுப் படியில், புரொஜெக்டர். பல்புக்கு முன்னால் பூதக்கண்ணாடி மாதிரி ஒரு லென்ஸ் இருக்கும். மேலே சிதறும் வெளிச்சத்தை ஒரு சிறு தகடு மறைப்பதால், கத்தியால் வெட்டியதுபோல ஒரு கோட்டுக்குக் கீழே மட்டும் ஒளி விழும். மேல் படியில் எல்.இ.டி. அதிலும் தானாக டிம் ஆவது, திருப்பத்தில் திரும்புவது என்று கூடுதல் வசதிகள்.

நமக்கு நன்கு தெரிந்த உதாரணம், மாருதி சுஸுகி ஸ்விஃப்ட். 2018-ல் வந்த ஸ்விஃப்ட்டில் எல்.இ.டி புரொஜெக்டர் ஹெட்லைட்டும் பகல் விளக்கும் டாப் வேரியன்ட்டுக்குக் கிடைத்தன. கீழ் வேரியன்ட்டுகளுக்கு ஹாலஜன்தான். இதில் தவறென்று சொல்ல முடியாது, எல்லா கம்பெனிகளும் இப்படித்தான் விற்கின்றன. ஆனால், யூடியூப் விமர்சனத்துக்கும் விளம்பரத்துக்கும் வரும் கார் பெரும்பாலும் டாப் வேரியன்ட். அதில் பார்த்த விளக்கை மனதில் வைத்துக்கொண்டு நடு வேரியன்ட்டை புக் செய்தால், வீட்டுக்கு வரும் விளக்கு வேறு.

பின்பக்கமும் இதே கதைதான். காரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீளும் சிவப்பு எல்.இ.டி பட்டை இப்போது ஃபேஷன். சில மாடல்களின் கீழ் வேரியன்ட்டுகளில் அந்தப் பட்டை இருக்கும், எரியாது. பளபளக்கும் பிளாஸ்டிக் மட்டுமே.

எல்லை தாண்டினால் எதிராளி கண்ணில் அடிக்கும்!

வேரியன்ட் கதை இது. நாட்டுக்கு நாடு விளக்கு மாறுவதன் முதல் காரணம், எந்தப் பக்கம் ஓட்டுகிறோம் என்பது.

இன்று இரவு உங்கள் காரை ஒரு சுவரிலிருந்து ஏழெட்டு மீட்டர் தள்ளி நிறுத்தி, லோ பீம் போட்டுப் பாருங்கள். பல கார்களில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு நேர்கோடாக இருக்காது. வலது பக்கம் தாழ்ந்தும், இடது பக்கம் சற்றே ஏறியும் இருக்கும். நாம் சாலையின் இடது பக்கம் போகிறவர்கள். எதிரே வருகிறவர் நமக்கு வலப்பக்கம் வருவார். அவர் கண்ணில் படக்கூடாது என்று வலது பக்கம் ஒளி தாழ்த்தப்படுகிறது. இடது ஓரத்தில் நடப்பவரும் பெயர்ப்பலகையும் தெரிய வேண்டும் என்று அந்தப் பக்கம் ஒளி ஏற்றப்படுகிறது.

வலது பக்கம் ஓட்டும் நாடுகளில் இது அப்படியே தலைகீழ். இங்கிலாந்திலிருந்து காரை எடுத்துக்கொண்டு பிரான்ஸுக்குச் சுற்றுலா போகிறவர்கள், ஹெட்லைட்டின் மேல் ஒளியைத் திருப்பும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வது இதனால்தான். இல்லாவிட்டால், ஏறியிருக்கும் இடது பக்க ஒளி நேராக எதிராளியின் கண்ணில் அடிக்கும். சில புதிய கார்களில் இதற்கென்று ஒரு செட்டிங்கே இருக்கிறது.

இதை ஒரு நாடு முழுக்க ஒரே நாளில் செய்ய வேண்டி வந்தால்? ஸ்வீடனில் வந்தது. 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 5 மணிக்கு, அதுவரை இடது பக்கம் ஓட்டிக்கொண்டிருந்த அந்த நாடு வலது பக்கத்துக்கு மாறியது. சாலைக்கோடு, சிக்னல், பேருந்தின் கதவு என்று எல்லாம் மாற வேண்டியிருந்தது. அந்தப் பட்டியலில் ஹெட்லைட்டும் ஒன்று. அந்நாளுக்கு முன்பே வலது பக்கத்துக்கான விளக்கோடு வந்த கார்களின் விளக்கில், எதிராளி கண்ணைக் கூசவைக்கும் பகுதியை மறைத்துக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். செப்டம்பர் 3-க்கு முன் எடுக்கக்கூடாது என்பது உத்தரவு.

மக்களிடம் பெரிய ஆதரவு இல்லாதபோதும் ஸ்வீடன் அரசு அவசரப்பட்டதற்கு ஒரு காரணம், அதே ஹெட்லைட்! அப்போது பெரும்பாலான கார்களில் எல்லாவற்றுக்கும் பொருந்தும் மலிவான வட்ட விளக்குகள் இருந்தன. ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி வடிவ விளக்கு வரத் தொடங்கிய காலம் அது. தாமதித்தால் மக்கள் தலையில் விழும் செலவு பல மடங்காகும் என்று கணக்குப் போட்டார்கள்.

ஜப்பானில் ஓடிய பழைய கார்கள் பல நாடுகளுக்கு விற்பனையாகின்றன. இலங்கைக்கு வந்தால் சிக்கல் இல்லை. அங்கும் இடது பக்கம்தான். ஆனால் மியான்மர் 1970-ல் வலது பக்கத்துக்கு மாறிவிட்டது. அங்கு போகும் ஜப்பான் கார்களில் ஸ்டீயரிங் மட்டுமல்ல, விளக்கின் ஒளியும் எதிர்ப்பக்கம் இருக்கும்.

விதி பிடித்து வைத்த விளக்கு

இரண்டாவது காரணம், அந்தந்த நாட்டுச் சட்டம். இதில் அமெரிக்காவின் கதை சுவாரஸ்யமானது.

1940-லிருந்து அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஹெட்லைட்: 7 இன்ச் வட்டம். கண்ணாடி, ரிஃப்ளெக்டர், இழை மூன்றையும் ஒன்றாக அடைத்து சீல் செய்தது. நம் அம்பாசடர் காரின் முகத்தை நினைத்துக்கொண்டால் அளவும் வடிவமும் புரியும். தொடக்கத்தில் இது நல்ல ஏற்பாடு. உள்ளே தூசியோ துருவோ சேராது; விளக்கு போனால் எந்த ஊரிலும் மாற்று கிடைக்கும்.

ஆனால் உலகம் முன்னால் போனபோதும் விதி அங்கேயே நின்றது. நான்கு சிறிய வட்டம், பிறகு செவ்வகம் என்று வடிவம் மாறியதே தவிர, சீல் செய்த விளக்கு மாறவில்லை. 1967-ல் பிரான்ஸின் சிட்ரோயன் டி.எஸ் காரில், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது விளக்கும் திரும்பி வளைவைக் காட்டும் அற்புதம் வந்தது. கண்ணாடி மூடிக்குள் அழகாக அமைந்த அந்த விளக்குகளோடு அமெரிக்காவில் அந்தக் காரை விற்க முடியவில்லை. அமெரிக்காவுக்குப் போன டி.எஸ் காரில் கண்ணாடி மூடியும் இல்லை, திரும்பும் விளக்கும் இல்லை. அங்கே 1983-ல்தான், ஃபோர்டு நிறுவனத்தின் கோரிக்கைக்குப் பிறகு, பல்பை மட்டும் மாற்றிக்கொள்ளும் தனி வடிவ ஹெட்லைட்டுக்கு அனுமதி கிடைத்தது. 1984 மாடலாக வந்த லிங்கன் மார்க் 7 கார், அப்படிப்பட்ட விளக்கோடு அமெரிக்காவில் வந்த முதல் கார்.

பிரான்ஸிலும் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே பல பத்தாண்டுகள் ஹெட்லைட் மஞ்சளாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஐரோப்பா முழுக்க ஒரே விதி வந்தபோது, 1993-ல் அது முடிவுக்கு வந்தது.

இப்போது வந்த கதையும் ஏறக்குறைய அதேதான். 2013-ல் ஐரோப்பாவில் ஆடி ஏ8 காரில் மேட்ரிக்ஸ் எல்.இ.டி ஹெட்லைட் வந்தது. ஹை பீமிலேயே ஓட்டலாம்; எதிரே வண்டி வந்தால் கேமரா பார்த்துச் சொல்லும்; அந்த வண்டி இருக்கும் இடத்துக்கு மட்டும் சில எல்.இ.டி-கள் அணைந்துவிடும். மற்ற இடமெல்லாம் பகல்போல வெளிச்சம். நமக்கும் நன்றாகத் தெரியும், எதிராளிக்கும் கூசாது.

அமெரிக்கச் சட்டத்தில் லோ பீம் உண்டு, ஹை பீம் உண்டு. நடுவில் இப்படி ஒன்றுக்கு இடமே இல்லை. அனுமதி கேட்டு டொயோட்டா 2013-ல் மனு கொடுத்தது. விதி மாறியது 2022 பிப்ரவரியில்! இடைப்பட்ட ஆண்டுகளில், ஐரோப்பாவில் அந்த விளக்கோடு வந்த கார், அமெரிக்காவில் அந்த வசதி இல்லாமலே விற்றது.

பின்னால் வருபவருக்கு ஒரு நிறம்

முன்பக்கம் நாம் பார்ப்பதற்கு. பின்பக்கம் நம்மைப் பார்ப்பதற்கு. இதிலும் நாட்டுக்கு நாடு ஒரு பெரிய வித்தியாசம் உண்டு.

இந்தியா, ஐரோப்பா, ஜப்பான், ஆஸ்திரேலியா எல்லா இடத்திலும் பின் இண்டிகேட்டர் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர வேண்டும். அமெரிக்காவில் ஆரஞ்சும் வைக்கலாம், சிவப்பும் வைக்கலாம். ஃபோர்டு மஸ்டாங் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அதன் பின்பக்கம் மூன்று சிவப்புக் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிர்ந்து திரும்பும் திசையைக் காட்டும். அங்கே அதுதான் அதன் அழகு. அதே மஸ்டாங் ஐரோப்பாவுக்குப் போனால், இண்டிகேட்டர் ஆரஞ்சுக்கு மாறிவிடும்.

சிவப்பில் என்ன சிக்கல்? டெயில் லைட் சிவப்பு, பிரேக் லைட் சிவப்பு, இண்டிகேட்டரும் சிவப்பு. பின்னால் வருகிறவர், முன்னால் போகிற வண்டி நிற்கப் போகிறதா, திரும்பப் போகிறதா என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும். பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே பல்பு என்றால் செலவு மிச்சம். அதனால் அந்த வழக்கம் அங்கே நிலைத்துவிட்டது.

அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2009-ல் இதை ஆராய்ந்தது. ஒரே மாடல் சில ஆண்டுகள் சிவப்பு இண்டிகேட்டரோடும், சில ஆண்டுகள் ஆரஞ்சோடும் வந்திருந்தால், இரண்டு காலத்து விபத்துகளையும் ஒப்பிட்டார்கள். முன்னால் போகும் கார் திரும்பும்போது அல்லது லேன் மாறும்போது பின்னாலிருந்து இடிபடும் விபத்துகள், ஆரஞ்சு இண்டிகேட்டரில் 5.3 சதவிகிதம் குறைவு. ஒரு நிறத்துக்கு அவ்வளவு பலன்!

பின்கண்ணாடிக்கு நடுவே உயரமாக எரியும் மூன்றாவது பிரேக் லைட்டின் கதையும் இப்படித்தான் தொடங்கியது. 1974-ல் ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியல் ஆய்வாளர், சான் ஃபிரான்சிஸ்கோவில் 343 டாக்ஸிகளில் இப்படி ஒரு விளக்கைப் பொருத்திப் பார்த்தார். அந்த விளக்கு இல்லாத டாக்ஸிகளோடு ஒப்பிட்டால், பின்னாலிருந்து இடிபடுவது 60 சதவிகிதம் குறைந்தது. 1986 மாடலிலிருந்து அமெரிக்கக் கார்கள் அனைத்துக்கும் அது கட்டாயமானது. எல்லா கார்களிலும் வந்து, கண்ணுக்குப் பழகிய பிறகு பலன் 4.3 சதவிகிதமாகக் குறைந்தது. விளக்கின் விலையோடு ஒப்பிட்டால் அதுவே பெரிய லாபம்.

முன்னால் பளிச்... பின்னால் இருட்டு!

புதிய விளக்கால் வந்த புதிய ஆபத்தும் உண்டு. பகலில் எரியும் டி.ஆர்.எல் விளக்கு ஐரோப்பாவில் 2011 முதல் புதிய மாடல் கார்களுக்குக் கட்டாயம். நம் ஊரில் இரு சக்கர வாகனங்களுக்கு 2017 ஏப்ரல் முதல் ஹெட்லைட் எப்போதும் எரியும்படி வந்தது நினைவிருக்கலாம். 'லைட் எரியுது' என்று விரல்களை மடக்கி விரித்துக் காட்டும் பழக்கம் அதற்குப் பிறகும் பல நாள் போகவில்லை!

கார்களில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், பல கார்களில் டி.ஆர்.எல் எரியும்போது டெயில் லைட் எரியாது. டேஷ்போர்டு மட்டும் எப்போதும் ஒளிரும். நகரத்துத் தெருவிளக்கில் முன்னால் கொஞ்சம் வெளிச்சம் தெரிவதால், ஹெட்லைட் போட்டிருக்கிறோம் என்று ஓட்டுபவர் நினைத்துக்கொள்வார். பின்னால் வரும் லாரிக்கு அந்தக் காரே தெரியாது. கனடாவில் இப்படிப்பட்ட கார்களுக்கு 'பேய் வண்டிகள்' என்றே பெயர் வைத்தார்கள். 2021 செப்டம்பர் முதல் அங்கே வரும் புதிய கார்களில், டி.ஆர்.எல்லோடு டெயில் லைட்டும் எரிய வேண்டும், அல்லது இருட்டில் விளக்குகள் தானாக எரிய வேண்டும், அதுவும் இல்லையென்றால் விளக்கைப் போடும்வரை டேஷ்போர்டு இருட்டாக இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது.

கடையில் மாட்டினால் சரியாகிவிடுமா?

'பேஸ் வேரியன்ட் வாங்கிட்டு, வெளியில நல்ல பல்பு மாட்டிக்கலாம்' என்பது நம் ஊரில் அடிக்கடி கேட்கும் யோசனை. இங்கேதான் கவனம் தேவை.

பல கார்களில் இருக்கும் ஹெச்4 ஹாலஜன் பல்பின் அளவு 60/55 வாட்ஸ். அதன் இடத்தில் 100/90 வாட்ஸ் பல்பைப் போட்டால், சூடு தாங்காமல் வயரும் ரிஃப்ளெக்டரும் பாழாகலாம். எல்.இ.டி பல்பு மாட்டினால் வேறு சிக்கல். ஹாலஜன் கிண்ணம், பல்பின் இழை சரியாக எந்த இடத்தில் ஒளிரும் என்று பார்த்து வடிவமைக்கப்பட்டது. எல்.இ.டி சில்லு அதே இடத்தில், அதே வடிவத்தில் ஒளிராது. ஒளி சிதறும். காருக்கு அருகே சாலை வெள்ளையாகத் தெரிவதால், நமக்கு 'செம வெளிச்சம்' போலத் தோன்றும். தூரத்தில் வெளிச்சம் கூடியிருக்காது. எதிரே வரும் பைக்காரருக்கோ ஒன்றுமே தெரியாது. ஒரு காலத்தில் நம் ஊர் ஹெட்லைட்டுகளின் நடுவே கறுப்புப் பொட்டு வைத்ததும் இந்தக் கூச்சத்துக்குப் பயந்துதான்.

வாங்கும்போதும், வாங்கிய பிறகும்...

1. புக் செய்யும் வேரியன்ட்டின் பக்கத்தை மட்டும் பிரோஷரில் படியுங்கள். ஹெட்லைட் ஹாலஜனா, எல்.இ.டி-யா, ரிஃப்ளெக்டரா, புரொஜெக்டரா, மூன்றாவது பிரேக் லைட் உண்டா என்று பாருங்கள்.

2. முடிந்தால், அதே வேரியன்ட்டை இருட்டிய பிறகு ஓட்டிப் பாருங்கள். ஷோரூமில் முடியாவிட்டால், அதே வேரியன்ட் வைத்திருக்கும் நண்பரின் காரில் ஒரு சுற்று போய் வாருங்கள். லோ பீமில் இடது ஓரம் எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதுதான் கேள்வி.

3. அடுத்த வேரியன்ட்டுக்குத் தாவும் பணத்தில் என்ன கிடைக்கிறது என்று எழுதிப் பாருங்கள். சன்ரூஃபுக்காக யோசிக்காமல் கொடுக்கும் பணத்தை, விளக்குக்காகக் கொடுக்க யோசிக்க வேண்டியதில்லை. இரவுப் பயணம் அதிகம் உள்ள குடும்பத்துக்கு இது ரொம்ப முக்கியம்.

4. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சிறு உருளை இருக்கிறதா? அது ஹெட்லைட்டை இறக்கி ஏற்றுவது. பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கி நிறைய மூட்டையும் ஏறினால், காரின் பின்பக்கம் தாழ்ந்து, முகம் நிமிரும். லோ பீமே எதிராளி கண்ணில் அடிக்கும். பாரம் ஏறினால் எண்ணைக் கூட்டுங்கள். பாரம் இறங்கியதும் மறக்காமல் 0-வுக்குத் திருப்புங்கள்.

5. ஆட்டோ ஹெட்லைட் இல்லாத காரில், பொழுது சாய்ந்ததும் கையால் விளக்கைப் போடுங்கள். டி.ஆர்.எல் எரிவதை நம்ப வேண்டாம். ஒருமுறை இறங்கி, பின்னால் போய் டெயில் லைட் எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

6. கையிருப்பில் பேஸ் வேரியன்ட்தான் என்றாலும் கவலை வேண்டாம். மங்கிய ஹெட்லைட் கண்ணாடியைப் பாலிஷ் செய்வது, உள்பக்கம் அழுக்குப் படிந்த முன்கண்ணாடியைத் துடைப்பது, சர்வீஸின்போது விளக்கின் கோணத்தைச் சரிபார்க்கச் சொல்வது ஆகிய மூன்றும் சேர்ந்தாலே வெளிச்சம் கூடும்.

7. உங்கள் விளக்கு எவ்வளவு தூரம் காட்டுகிறதோ, அந்தத் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் உங்கள் இரவு வேகம். சாலையோரப் பலகையில் 100 என்று எழுதியிருந்தாலும், விளக்கு 60 என்று சொன்னால் 60-ல்தான் போக வேண்டும்.

இதை ஓட்டுபவர் மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. பக்கத்தில் உட்காருகிறவர், 'விளக்கு போட்டாச்சா? டிம் பண்ணியாச்சா?' என்று ஒரு வார்த்தை கேட்டால், காரில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, அந்த இருட்டில் சாலையோரம் நடந்துபோகிற யாரோ ஒருவருக்கும் அது உதவும்.